கன்டெய்னர் வரிசையில் கசிந்த காதல்

அத்தியாயம் 7

செங்கொடிக்கு அன்று வந்த எரிச்சலை யார் தலையில் இறக்கி வைப்பது என்றே தெரியவில்லை. ராயபுரத்து அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண்ணை விசாரித்தாயிற்று. பிழை திருத்துகிறவரைக் குடைந்தாயிற்று. பைண்டிங் வேலை செய்கிறவர் வீட்டுக்கே போய், அவர் மனைவி ஆசையாகக் கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியாயிற்று. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். எரிந்துபோன குடோன்களையும் காணாமல் போன சரக்கு லாரிகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிந்து பேர் வாங்கியவள், இப்போது ஒரு காதல் கதையின் முடிவை யார் வெளியே விட்டார்கள் என்று தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தாள்.

“இன்னாமா இது, கொலையா, கொள்ளையா?” என்றார் தாமஸ், ஆட்டோவைத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் திருப்பிக்கொண்டே. “கதையில வர்ற பொண்ணு வெளக்க அணைச்சாளா இல்லியான்னு நாம வெயில்ல சுத்திகினு கீறோம்.”

தாமஸ் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ராயபுரத்துக்காரர். ஆட்டோ அவருடையது, சம்பளம் அவளுடையது, வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரிடமே இருந்தது. அவர் கேட்ட கேள்வியைத்தான் செங்கொடியும் காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். திருவொற்றியூரில் டியூஷன் எடுத்துப் பிழைக்கும் வரலட்சுமி ஒரு மாயாஜாலக் காதல் நாவல் எழுதினாள். ‘உப்புக்கோட்டை இளவரசன்’ என்று பேர். கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றும் அல்லி என்ற பெண்ணுக்கும், கடலுக்கடியில் அரசாளும் ஆழியன் என்பவனுக்கும் காதல். விளக்கு எரிகிற வரை அவன் கரையில் தங்க முடியாது, அது சாபம். முதல் பாகம் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் சூடாக விற்றுத் தீர்ந்தது. இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் யாரோ அதன் திருப்பங்களை ஒவ்வொன்றாக இணையத்தில், வாசகர் குழுவில், போட்டு உடைக்க ஆரம்பித்தார்கள். திரும்பி வந்த ஆழியன் உண்மையில் ஆழியனே இல்லை, அவன் உருவத்தில் வந்த நிழலன் என்பது முதலில் வெளியே வந்தது. சாபம் கொடுத்ததே அல்லியின் அப்பா என்பது அடுத்து வந்தது. கடைசியில் முடிவே வந்துவிட்டது. அல்லி விளக்கை அணைக்கவில்லை. கடலில் இருக்கிற கப்பல்களை நினைத்து, நீ போய் வா என்று காதலனை அனுப்பிவிடுகிறாள்.

வாசகர் குழு கொதித்துப்போனது. இரண்டு பாகம் அழவைத்துவிட்டுச் சேர்த்து வைக்காமல் விடுவதா என்று வரலட்சுமியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பதிப்பாளர் அசோகன் பயந்துவிட்டார். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. முடிவு அச்சகத்திலிருந்து கசிந்திருந்தால் அவள் எழுதிய முடிவு அப்படியே வரும். எழுதியவள் பக்கத்திலிருந்து கசிந்திருந்தால் முடிவை மாற்ற அவருக்கு உரிமை உண்டு. மாற்றி எழுத ஓர் ஆளைக்கூடப் பிடித்து ஆபீசில் உட்கார வைத்திருந்தார். அந்த ஆள் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலம் பக்கங்கள் அச்சுக்குப் போகும், அதற்குள் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு அமர்த்திய செங்கொடி ஆளைப் பிடித்தாக வேண்டும்.

“என் கதையில வேற ஒருத்தர் பூந்து எழுதறதுக்கு நான் எழுதாமலே இருந்துட்டுப் போறேன், அக்கா” என்று வரலட்சுமி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அவள் வீடு மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய இரண்டு அறைகள். சமையலறையில் அடுப்பின் மேல் ஏதோ வெந்துகொண்டிருந்தது. செங்கொடி தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கைப்பிரதியையும் மறு பக்கம் போனில் அந்தக் கசிவுகளையும் வைத்து மறுபடி ஒருமுறை ஒப்பிட ஆரம்பித்தாள். இதை இதற்கு முன்பும் செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தலைவலிதான் மிச்சம்.

போட்டவன் தன் பெயரைப் ‘பன்னீர் சோடா’ என்று வைத்திருந்தான். அவன் போட்ட எதிலும் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரு காட்சியின் நடுவில் தொடங்குவான், பாதி வசனத்தில் நிறுத்துவான். அப்புறம் பத்துப் பக்கம் தாண்டி இன்னொரு காட்சியின் நடுவில் முளைப்பான். ஒவ்வொன்றின் கடைசியிலும், இதற்கு முன்னாடி என்ன ஆச்சு என்று வாசகர்களைச் சீண்டுவது போல ஒரு கேள்வி வேறு. கையில் புத்தகம் இருக்கிறவன் இப்படியா போடுவான் என்று அவளுக்குப் புரியவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த விசில் ஒன்று அவள் உயிரை வாங்கியது.

அல்லி கதவைத் திறந்து, நீ ஆழியன் இல்லை என்று சொல்கிற இடம். பன்னீர் சோடா அதை அப்படியே போட்டுவிட்டு, உடனே எங்கிருந்தோ மூன்று விசில் சத்தம் கேட்டது என்று எழுதியிருந்தான். கைப்பிரதியில் விசிலே இல்லை. வாசகர்களோ அந்த விசிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாகலோகத்துப் படை வருவதற்கு அடையாளம் என்றார் ஒருவர். மூன்றாம் பாகம் வருகிறது என்பதற்கான குறிப்பு என்றார் இன்னொருவர். ஒரு பெண் அந்த விசிலுக்கு நான்கு பத்தி விளக்கம் எழுதியிருந்தாள்.

செங்கொடி வரலட்சுமியிடம் மறுபடியும் கேட்டாள். முதல் வரைவில் இருந்ததா, அடித்துவிட்டாயா, வேறு யாரிடமாவது வாயால் சொன்னாயா? வரலட்சுமி பொறுமை இழந்து, விசிலைப் பற்றித் தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் செங்கொடிக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

அப்போது சமையலறையில் குக்கர் கத்தியது.

ஒன்று. வரலட்சுமி பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு. தாமஸ் வாசலிலிருந்து, சோறு ஆயிடுச்சு போலகீது என்று ஆசையோடு எட்டிப் பார்த்தார். மூன்றாவது விசில் வந்ததும் வரலட்சுமி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செங்கொடி மட்டும் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எழுதினதை வாய்விட்டுப் படிப்பியா?”

“படிப்பேன். வசனம் வாய்ல ஒக்காருதான்னு பாக்க வாணாமா? சமைச்சுகினே படிப்பேன், போன்ல ரெக்கார்டு பண்ணுவேன்.”

“ரெக்கார்டு பண்ணி?”

வரலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் நீலமேகம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்றால் நாள்கணக்கில் வண்டியிலேயே கிடப்பான். பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்று சொன்னானாம். அதனால் அவன் பென்டிரைவில் பாட்டோடு பாட்டாக இந்த அத்தியாயங்களையும் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். அவன் அதைக் கேட்டானா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா என்றாள்.

செங்கொடிக்கு ஆத்திரமாக வந்தது. ராயபுரத்தில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டாயிற்று, பைண்டிங்காரர் மனைவியிடம் பாயசம் வேறு வாங்கிக் குடித்தாயிற்று. விஷயம் இந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

“இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“அது இன்னாக்கா சொல்ற விஷயமா? வூட்டுக்காரருக்குச் சோறு கட்டிக் குடுக்கற மாதிரி, அதுவும் ஒண்ணு.”

நீலமேகத்தின் போன் அணைந்து கிடந்தது. வரிசையில் நின்றால் சார்ஜ் தீர்ந்துவிடும், அது வழக்கம்தான் என்றாள் வரலட்சுமி. மஞ்சள் கேபின், கண்ணாடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் டால்பின் தொங்கும் என்று அடையாளம் சொன்னாள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் வால் நீட்டி நின்றன. ஒரு பக்கம் கடல், கருங்கல் தடுப்பு, உப்புக்காற்று. மறு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் கன்டெய்னர்கள், சிவப்பும் நீலமும் துருவுமாக. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் படுத்திருந்தார்கள், சிலர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். தாமஸ் வரிசையின் ஓரமாக ஆட்டோவை ஊர விட்டார். கிடைத்த இடைவெளியில் தன் கருத்தையும் சொன்னார். இந்த நீலமேகம் பெண்டாட்டி கதையை வெளியே விற்றுவிட்டான், ஆளைப் பிடித்து நாலு தட்டு தட்டினால் கக்கிவிடுவான் என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போய், இப்படிப்பட்ட புருஷனைத் தட்டுவதால் என்ன பிரயோஜனம், முடிவு எப்படியும் மாறத்தானே போகிறது என்றும் அவரே சொன்னார்.

அங்கேதான் செங்கொடிக்கு உறைத்தது. கசிவு புருஷன் வண்டியிலிருந்து என்றால் அது எழுதியவள் பக்கத்துக் கசிவு. அவள் கண்டுபிடிக்கப் போகிற உண்மை நேரே வரலட்சுமியின் கழுத்துக்குத்தான் கத்தி.

“அச்சாபீஸ்லேர்ந்துதான் போச்சுன்னு சொல்லிடலாமா? யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் தாமஸ், அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு.

“அந்தப் பாயசம் குடுத்த பொம்பளை மூஞ்சில அப்புறம் எப்டிண்ணா முழிக்கிறது?”

தாமஸ் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து மஞ்சள் கேபினைத் தேட ஆரம்பித்தார்.

மஞ்சள் கேபின் கிடைத்தது. டால்பினும் தொங்கியது. ஆனால் கதவைத் திறந்துகொண்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தவன் நீலமேகம் இல்லை. வரலட்சுமி போனில் காட்டிய படத்தில் மெலிந்த ஆள். இவனுக்குத் தொந்தி, நரைத்த தாடி, தோளில் ஈரத் துண்டு. செங்கொடி பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தாள். தாமஸ் ஆட்டோவிலிருந்து ஒரு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்த ஆள் கொஞ்சமும் பதறாமல், சட்டையை விடுங்க மேடம், வண்டி நகருது, பின்னாடி திட்டுவானுங்க என்றான்.

அவன் பேர் ஷாகுல் ஹமீது. பின்னால் நிற்கிற வண்டியின் டிரைவர். நீலமேகம் குளிக்கப் போயிருக்கிறான். வரிசை நகரும்போது முன்னால் இருக்கிறவன் இல்லையென்றால் பின்னால் இருக்கிறவன் ஏறி அவன் வண்டியை நகர்த்திவிட்டு வந்து தன் வண்டியை எடுப்பான். இல்லாவிட்டால் இடம் போய்விடும். தூங்குகிறவனையும் எழுப்ப மாட்டார்கள். அதனால் சாவியை யாரும் எடுத்துப் போவதில்லை. இது இந்த வரிசையில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம் என்று சொல்லிவிட்டு, அவன் சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் உறுமியது. கூடவே டேஷ்போர்டில் இருந்த பாட்டுச் செட்டும் உயிர் பெற்றது. வரலட்சுமியின் குரல், நல்ல கனத்த குரல், கேபினை நிறைத்தது. அல்லி தன் அப்பாவின் கையைப் பிடித்து, சாபம் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்கிற இடம். பின்னணியில் கடுகு வெடித்தது. வண்டி நாலு வண்டி நீளம் நகர்ந்து நின்றது. ஷாகுல் ஹமீது சாவியை அணைத்தான். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்ததோடு குரல் நின்றது.

கேபின் படியில் தொற்றிக்கொண்டே வந்த செங்கொடி ஒரு காலை மட்டும் கீழே வைத்தபடி நின்றாள். நடுவில் தொடங்கி நடுவில் நிற்கிற கதை. தலையும் வாலும் இல்லாத துண்டுகள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

“நீங்கதான் பன்னீர் சோடாவா?”

ஷாகுல் ஹமீது முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டான். தான் ஒருவன் மட்டுமா என்றான். இந்த வண்டியை நகர்த்துகிறவன் எல்லாம் கேட்கிறான். முன்பு எண்ணூர்க்காரன் ஒருவன் நகர்த்தினான், நிழலன் முத்தம் கொடுக்கிற இடம் அவனுக்கு வந்தது. மாதவரத்துப் பையன் நகர்த்தியபோது விசில் வந்தது. டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்து துண்டு துண்டாக ஒட்டிப் பார்ப்பார்கள். ஓட்டை நிறைய இருந்தது. நடுவில் என்ன ஆனது என்று தெரியாமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அதனால் அவன் பேத்தியிடம் போனை வாங்கி வாசகர் குழுவில் சேர்ந்து, எனக்கு இந்த இடம் மட்டும் தெரியும், இதற்கு முன்னாடி என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்கள் என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அவனைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

“நான் கேள்வி கேட்டேன் மேடம். அவங்க அத பதில்னு நெனச்சுகினாங்க.”

செங்கொடி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். திருடன் இல்லை, விற்றவன் இல்லை, எதிரி இல்லை. கதையின் மிச்சம் என்ன என்று தெரியாமல் தவித்த லாரிக்காரர்கள்தான் இருந்தார்கள். இதற்காக ஒரு பெண் தன் கதையின் முடிவை இழக்கப் போகிறாள். ஒரு கல்லை எடுத்துக் கடலில் வீச வேண்டும் போல் இருந்தது. வீசவும் வீசினாள்.

பிறகு வரலட்சுமிக்குப் போன் போட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்போ, கடைசி அத்தியாயம்?” என்றாள் வரலட்சுமி.

“அதுவுந்தான். அதுதானே எல்லாரையும் கொதிக்க வெச்சது.”

“அக்கா, கடைசி அத்தியாயத்தை நான் ரெக்கார்டே பண்ணல.”

செங்கொடி எழுந்து நின்றாள். வரலட்சுமி தட்டுத் தடுமாறிச் சொன்னாள். புருஷன் ஒரு வார்த்தை சொல்லாததில் மனசு விட்டுப்போனது. கேட்காத ஆளுக்கு எதற்கு என்று கடைசி அத்தியாயத்தை அவனுக்காக ஏற்றவில்லை. எழுதிய கையோடு நேரே அசோகனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். வீட்டில் நகல்கூட இல்லாமல் இருந்தது, செங்கொடிக்காகத்தான் பிறகு ஒன்று வாங்கி வந்தாள்.

அப்படியென்றால் முடிவு அச்சகத்திலிருந்துதான் போயிருக்க வேண்டும். செங்கொடிக்கு ரத்தம் சூடேறியது. தாமஸ், பாயசத்துல இன்னாவோ கீதுன்னு அப்பவே நெனச்சேன் என்றார். அவள் ஷாகுல் ஹமீதின் பக்கம் திரும்பி, முடிவை யார் கொடுத்தது என்று நேராகக் கேட்டாள். அச்சாபீஸ் ஆள் யாராவது இங்கே வந்தார்களா என்றாள்.

“அச்சாபீஸா? நீலமேகம் மாமுதான் சொன்னான்.”

செங்கொடிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உற்சாகமும் அங்கேயே வடிந்துபோனது. ஒரு நிமிஷத்தில் ஏறி, ஒரு நிமிஷத்தில் இறங்கி, இந்த வழக்கு அவளை ராட்டினத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

நீலமேகம் ஈரத் தலையோடு, கையில் ஒரு டீ பார்சலோடு வந்தான். மெலிந்த ஆள், பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைச் செருமுகிற ஆள். ஒன்றையும் மறைக்கவில்லை. பென்டிரைவில் கதை முடிவு இல்லாமல் நின்றுபோனது. வரிசையில் எல்லாரும் முடிவு என்ன என்று கேட்டுப் பேஜார் பண்ணினார்கள். அதனால் சொன்னேன் என்றான்.

“யார் கிட்ட கேட்டு சொன்ன?” என்றாள் செங்கொடி.

“யார் கிட்ட கேக்கணும்? அவ அப்டித்தான் எழுதுவா.”

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். பல வருஷம் முன்னால் குஜராத் துறைமுகத்தில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்தது. வா, போய்விடலாம் என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, நடுவில் விட்டுவிட்டு வர மாட்டேன், நீ போ என்று சொல்லிவிட்டாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அவனும் தனியாகப் போனான். கதையில் கடலிலிருந்து வந்து, தங்க முடியாமல் திரும்பிப் போகிறவன் யார் என்று அவனுக்கு இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துபோனது. அப்புறம் அந்தப் பெண் விளக்கை அணைப்பாளா மாட்டாளா என்று யோசிக்க என்ன இருக்கிறது?

“அத ஏன் அவ கிட்ட சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? கதையில வர்றவன் நாந்தானான்னு போய்க் கேட்டா, இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றது?”

செங்கொடி பன்னீர் சோடாவின் கடைசிப் பதிவை மறுபடி எடுத்துப் படித்தாள். பிறகு அதே போனில் படம் பிடித்து வைத்திருந்த கைப்பிரதியின் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை முறை ஒப்பிட்டிருக்கிறாள். இருப்பதையே பார்த்தாளே தவிர, இல்லாததைப் பார்க்கவே இல்லை. உடனே அசோகனைப் போனில் பிடித்தாள்.

அவர் எடுத்ததும் ஆள் கிடைத்தானா என்றார். கிடைத்தான், அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன் என்றாள் செங்கொடி. கடைசி அத்தியாயத்தின் பெரிய திருப்பம் என்ன? அசோகன் தயங்கிச் சொன்னார். அந்த விளக்கில் எரிவதே ஆழியனின் உயிர்தான், அணைத்தால் அவன் செத்துவிடுவான், அதனால்தான் அல்லி அணைக்காமல் அவனை அனுப்பி வைக்கிறாள். அது கசிவில் எங்கே இருக்கிறது என்று கேட்டாள் செங்கொடி. அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அந்த அத்தியாயத்தப் படிச்ச எவனும் அதத்தான் மொதல்ல கத்துவான், சார். கப்பலுக்காக அல்லி காதலனை விட்டுட்டாள்னு எழுதியிருக்கான். ஏன்னா அவனுக்குத் தெரியாது. அவன் படிக்கவே இல்ல.”

யார் அவன் என்றார் அசோகன். செங்கொடி பொய் சொல்லவில்லை. நடுவில் வந்த திருப்பங்கள் வரலட்சுமி வீட்டிலிருந்துதான் போயின, லாரி செட்டிலிருந்து. முடிவு எங்கிருந்தும் போகவில்லை, அவள் புருஷன் ஊகித்தான். ஷரத்து முடிவைப் பற்றித்தானே என்றாள். விளக்கு விஷயம் இன்னும் ஒருவருக்கும் தெரியாது, இன்று ஏசுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அழப் போகிறார்கள் என்றும் சொன்னாள். அசோகன் கொஞ்சம் முனகினார், கொஞ்சம் கணக்குப் போட்டார். கடைசியில், சரி, அவள் முடிவு அப்படியே போகட்டும் என்றார். பஜ்ஜி சாப்பிட்ட ஆளை வீட்டுக்கு அனுப்புகிற சத்தமும் போனில் கேட்டது.

செங்கொடி நிம்மதியாக மூச்சு விட்டாள். வரலட்சுமிக்குப் போன் போட்டு, உன் முடிவு உனக்குத்தான், நீலமேகம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் முடிவை ஊகித்திருக்கிறான் என்று சொன்னாள். வரலட்சுமிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவளுக்கு வந்தது கோபம். எல்லாத்தையும் கேட்டுகினு ஒரு வார்த்த சொல்லாம இருந்தியா என்று புருஷனிடம் கத்தினாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் வரிசையே திரும்பிப் பார்த்தது. நீலமேகம் தொண்டையைச் செருமினான், இரண்டு முறை.

“வண்டிய அணை” என்றாள் வரலட்சுமி. “கடைசி அத்தியாயம் இப்ப படிக்கிறேன். இதையாவது முழுசா கேளு.”

வண்டி ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் முன்னால் வரிசை நகர்ந்தது. கேட் திறந்துவிட்டார்கள் போல, இஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமின. நானே நகர்த்திவிடுகிறேன் என்று ஷாகுல் ஹமீது கேபினில் ஏறப் போனான். நீலமேகம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். இஞ்சின் போட்டால் குரல் கேட்காது என்றான். எத்தனையோ நாள் வெயிலில் காத்த இடம் அது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக முன்னால் போனார்கள். அவன் ஸ்பீக்கரில் இருந்த செங்கொடியின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தடுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்தான். ஷாகுல் ஹமீதும் தன் இடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

வரலட்சுமி படித்தாள். விளக்கில் எரிவது ஆழியனின் உயிர் என்று வந்தபோது ஷாகுல் ஹமீது, யா அல்லா என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். நீலமேகத்தின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அல்லி காதலனை அனுப்பினாள். அலை அவனைக் கொண்டுபோனது. அவள் படியேறிப் போய் விளக்கைத் தூண்டிவிட்டாள். அதோடு குரல் நின்றது.

“அப்புறம்?” என்றான் நீலமேகம்.

“அவ்ளோதான். முடிஞ்சுபோச்சு.”

“அது எப்டி முடியும்? நாந்தான் திரும்பி வந்துட்டேனே, வரலு.”

அதற்கப்புறம் அவள் அழுகிற சத்தம்தான் கேட்டது. நீலமேகம் என்ன செய்வது என்று தெரியாமல் போனைச் செங்கொடியிடம் நீட்டினான். செங்கொடி அதை வாங்கிக்கொண்டாள். கடைசி வண்டியும் தாண்டிப் போய், அவர்களுக்குப் பின்னால் சாலை காலியாகக் கிடந்தது. வரலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

“அக்கா, அசோகன் சார் கிட்ட சொல்லுங்க. அச்சுக்கு அனுப்ப வாணாம். கடைசிப் பக்கம் இன்னும் எழுதல.”